வட்டம் என்றால் ஐந்து

கணினி ஆராய்ச்சியில் பட்டம் வாங்கிக்கொண்டு இனாஸ் இங்கிலாந்திலிருந்து அலெக்ஸாந்திரியாவுக்குத் திரும்பி வந்தபோது, அவள் என்னதான் படித்திருக்கிறாள் என்று வீட்டில் ஒருவருக்கும் விளங்கவில்லை.

"கம்ப்யூட்டர் செய்யறியாம்மா?" என்று கேட்டார் மாமனார்.

"இல்ல மாமா."

"அப்ப அதுக்குள்ள ஓடற கணக்க எழுதறியா?"

"அதுவும் இல்ல. திரையில எது எங்க இருக்கணும், பொத்தான எங்க வைக்கணும், ஜனங்க எதப் பாத்துக் குழம்பிப் போறாங்க, அதான் என் வேலை."

அவர் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு மகனைப் பார்த்தார். "பொத்தான் வைக்கிறதுக்கா ஆறு வருஷம்?"

அவள் கணவன் மம்தூஹ் சிரித்துவிட்டான். இனாஸுக்கும் சிரிப்பு வந்தது. பாடம் நடத்தச் சேர்ந்த பல்கலைக்கழகத்திலும் கிட்டத்தட்ட அதே கேள்விதான், கொஞ்சம் நாசூக்காகக் கேட்டார்கள். மற்றவர்களெல்லாம் பெரிய இயந்திரங்களைப் பற்றிப் பாடம் நடத்தும்போது, இவள் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போய் மின்சார ஆபீஸிலும் ரயில்வே கவுண்டரிலும் உட்கார்ந்திருப்பாள். இருபது வருஷம் தாளில் எழுதிப் பழகிய குமாஸ்தா, ஆங்கிலத்தில் ஏதோ கத்துகிற திரைக்கு முன்னால் கையைப் பிசைந்துகொண்டு, "எனக்கு மூளை மட்டம்மா" என்பான். "உங்க மூளைக்கு ஒண்ணும் இல்ல சார். இத வடிவமைச்சவன் உங்கள நெனச்சே பாக்கல. தப்பு திரை மேல" என்பாள் இனாஸ். இதை எத்தனை பேரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாளோ. சொல்லும்போதெல்லாம் அந்த முகங்களில் ஒரு தெளிவு வரும். அந்தத் தெளிவுக்காகத்தான் அவள் இந்தத் துறைக்கே வந்தாள் என்று சொன்னால் தப்பில்லை.

இரண்டாயிரத்து நாலாம் வருஷம் ஹில்மி அவளைத் தேடி வந்தார். நகரத்துக்கு வெளியே தொழிற்பேட்டையில் மருத்துவக் கருவிகள் செய்கிற கம்பெனி அவருடையது. சொட்டு மருந்தை மணிக்கு இத்தனை மில்லி என்று அளந்து நரம்பில் ஏற்றும் பம்பு ஒன்றை அவர் செய்துகொண்டிருந்தார். வெளிநாட்டுப் பம்புகளில் எல்லாம் ஆங்கிலம். அரசு ஆஸ்பத்திரி நர்சுகள் எழுத்துக் கூட்டிப் படிப்பதற்குள் நோயாளி எழுந்து வீட்டுக்குப் போய்விடுவான் என்று அவரே வேடிக்கையாகச் சொன்னார்.

"முழுக்க அரபியில வேணும் டாக்டர். நீங்கதான் செய்யணும். உங்கள விட்டா இந்த ஊர்ல ஆளில்ல."

உண்மையும் அதுதான். இனாஸ் ஒன்றரை வருஷம் அந்தத் திரையோடு குடித்தனம் நடத்தினாள். எழுத்து அரபி, வலமிருந்து இடம் போகிற வரிசை அரபி, எண்களும் அரபி எழுத்தின் சொந்த எண்கள், ஆங்கில 1, 2, 3 இல்லை. கடைத் தெருவிலும் பஸ் பலகையிலும் ஜனங்கள் பார்க்கிற அதே எண்கள். வயசான நர்சுக்கும் தெரிகிற மாதிரி பொத்தான்களைப் பெரிதாக்கினாள். எச்சரிக்கைச் சத்தம் ஆளைத் திடுக்கிட வைக்காமல், ஆனால் காதில் விழுகிற மாதிரி இருக்க, எட்டு விதமாகச் செய்து பார்த்தாள்.

பிறகு சோதனை. பன்னிரண்டு நர்சுகள் இரண்டு வாரம் பல்கலைக்கழகத்துக்கு வந்து போனார்கள். அவர்களில் ஒருத்திதான் கவ்ஸர். இனாஸைவிட இரண்டு வயது மூத்தவள், கனத்த உடம்பு, சிரித்தால் தாழ்வாரக் கோடி வரை கேட்கும். வார்டில் எல்லாருக்கும் அவள் அக்கா. வரும்போதெல்லாம் சூடாகப் பொரித்த மொச்சை வடையைத் தாளில் சுற்றிக் கொண்டுவருவாள்.

"சாப்பிடுங்க டாக்டரம்மா. ஊசி போடத் தெரியாத டாக்டர் இந்த ஊர்ல நீங்க ஒருத்தர்தான். உடம்பாவது தேறட்டும்."

மருந்துச் சீட்டைப் பார்த்துப் பம்பில் எண்ணை அமுக்க வேண்டும். அதுதான் சோதனை. சீட்டுகளை இனாஸே தயார் செய்திருந்தாள், அழகான கொட்டை எழுத்தில், அரபி எண்களில். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ கவ்ஸர் ஒரு சீட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள்.

"இத யாரு எழுதினா?"

"நான்தான் கவ்ஸரக்கா."

"அதானே பாத்தேன். எங்க டாக்டருங்க சீட்டு கோழி மண்ணக் கிளறின மாதிரில்ல இருக்கும்? அதுவும் எண்ணெல்லாம் இங்கிலீஷ்ல எழுதித் தொலைவாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். இனாஸும் சிரித்தாள். "அத ஆஸ்பத்திரில பாத்துப்பாங்க. நாம நம்ம பொட்டியப் பாப்போம்" என்றாள்.

அவளுக்குத் தெரியாமல் இல்லை. நிஜமான சீட்டுகளை வைத்துச் சோதிக்க வேண்டும் என்று முதலில் அவளே எழுதி வைத்திருந்தாள். ஆனால் நோயாளிகளின் காகிதத்தை வார்டுக்கு வெளியே கொண்டுவரச் சுகாதாரத் துறை அனுமதி வேண்டும். அதற்கு மூன்று மாதமாகும். ஹில்மியோ கோடைக்குள் பம்பு வெளியே போக வேண்டும் என்று நின்றார். அந்த வரியை இனாஸ் அடித்துவிட்டாள். பன்னிரண்டு பேரும் இரண்டு வாரத்தில் ஒரு தப்புகூடச் செய்யவில்லை. அந்த முடிவை அவள் பெரிய மாநாடு ஒன்றில் வாசித்தாள், கைதட்டினார்கள், பரிசும் கொடுத்தார்கள். மாமனார் அந்தப் பரிசுப் பலகையை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பொத்தான் பற்றி அப்புறம் அவர் பேசவில்லை.

நானூறு பம்புகள் கடலோர ஆஸ்பத்திரிகளுக்கெல்லாம் போய்ச் சேர்ந்தன.

இரண்டாயிரத்து எட்டு மார்ச்சில், புயல் காற்று அடித்து ஓய்ந்திருந்த ஒரு வாரத்தில், காலைப் பத்திரிகையை மம்தூஹ் அவள் முன்னால் மடித்து வைத்தான். சிறுநீரகக் கோளாறுக்காகச் சேர்ந்திருந்த ஜாபிர் என்கிற டிராம் ஓட்டுநர், வயது ஐம்பத்திரண்டு, பொட்டாசியம் அதிகமாக ஏறி இறந்துபோனார். நர்சின் அலட்சியம் என்று தலைப்பு. நர்சின் பெயர் கவ்ஸர்.

"பம்பு உன்னோடதா?" என்றான் மம்தூஹ்.

அவள் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

வார்டின் தலைமை நர்ஸுக்கு அவளைத் தெரியும். கதவைச் சாத்திவிட்டு, போலீஸ் எடுத்துப்போன சீட்டின் நகலை எடுத்து மேசை மேல் வைத்தாள். இனாஸ் அதைப் பார்த்தாள். டாக்டர் ஆங்கில எண்ணில் எழுதியிருந்தார். மணிக்குப் பத்து மில்லி. ஒரு கோடு, ஒரு வட்டம்.

அடுத்த அறையில் அதே மாதிரிப் பம்பு ஒன்று சும்மா நின்றது. இனாஸ் அதன் முன்னால் போய் நின்றாள். ஒன்றுக்கு இரண்டு எண் வரிசையிலும் ஒரு கோடுதான். ஆனால் அரபியில் பூஜ்யத்துக்கு வெறும் புள்ளி. வட்டம் என்றால் ஐந்து. அவள் கோட்டை அமுக்கினாள், வட்டத்தை அமுக்கினாள். அவளே தேர்ந்தெடுத்த பெரிய, தெளிவான எழுத்தில் திரை பதினைந்து என்று காட்டியது. சீட்டை அதன் பக்கத்தில் பிடித்தாள். இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன.

"ரெண்டாவது நர்ஸ் சரிபாக்கணுமே, பாக்கலையா?" என்று கேட்டாள்.

"பாத்தா. சீட்டையும் திரையையும் வச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கா. மத்தியானம் டாக்டர் வந்தாரு. அவரும் திரையப் பாத்து, பத்துதான ஓடுது, சரின்னு போயிட்டாரு. எல்லாரும் பாத்தாங்க டாக்டர். காலைல எட்டு மணிக்கு ஏத்தினது. மூணே முக்காலுக்கு அந்த ஆளு போயிட்டாரு."

எல்லாரும் பார்த்திருக்கிறார்கள். பார்க்காமல் விட்டது தான் ஒருத்தி மட்டும்தான் என்று இனாஸுக்கு அந்த இடத்திலேயே தெரிந்துபோயிற்று.

அங்கிருந்து நேரே ஹில்மியிடம் போனாள். அவள் சொல்லி முடிக்கும் வரை அவர் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை அவர், முகம் வெளுத்துத்தான் போயிற்று.

"மெஷின் என்ன அமுக்கினாங்களோ அதத்தான குடுத்துச்சு?" என்றார் கடைசியில்.

"ஹில்மி சார், மெஷின் சொன்னது அவங்களுக்குப் பத்துன்னு தெரிஞ்சுது. அதுதான் கோளாறு. எண்ணுக்குக் கீழ, பதினைந்துன்னு எழுத்தாலயும் காட்டியிருந்தா இந்த உயிர் போயிருக்காது. ஒரே ஒரு வரி. திரையில அதுக்கு இடமும் இருந்துச்சு."

"சரி, அடுத்ததுல போடுவோம்."

"வெளிய நானூறு நிக்குது. எல்லாத்தையும் திருப்பி வாங்கணும்."

"ஸ்டிக்கர் ஒட்டலாம்."

"ஸ்டிக்கர் ஈரத் துணி பட்டா ஒரு மாசம் தாங்காது."

அவர் எழுந்து ஜன்னல் பக்கம் போனார். "டாக்டர், கோர்ட்டுல நீங்க போய் இதச் சொன்னா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா? நான் போறது இருக்கட்டும். உங்க பேரு? சோதனை பண்ணது நீங்க. அனுமதிக்கு நிக்க வேண்டாம்னு கையெழுத்துப் போட்டது நீங்க."

"அதையும்தான் சொல்லப் போறேன்" என்றாள் இனாஸ்.

மம்தூஹ் அவளைத் தடுக்கவில்லை. "சொல்லாம இருந்தா உன்னால தூங்க முடியாது. சொன்னாலும் முடியாது. எதுன்னு நீயே பாத்துக்க" என்று மட்டும் சொன்னான். பிறகு அவளுக்கு ஒரு தேநீர் போட்டுக் கொண்டுவந்து வைத்தான். அது ஆறிப் போயிற்று.

ஜாமீனில் வந்திருந்த கவ்ஸரைப் பார்க்க கர்மூஸ் பேட்டைச் சந்துக்குள் அவள் வீட்டுக்குப் போனாள். கவ்ஸரின் மகள் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். கவ்ஸர் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். ஒரே மாதத்தில் அந்தப் பெரிய உடம்பு வற்றியிருந்தது.

"நான் பாத்துத்தான் அமுக்கினேன் டாக்டரம்மா."

"தெரியும்க்கா. தப்பு உங்க மேல..."

"அதச் சொல்லாதீங்க." கவ்ஸர் கையைத் தூக்கினாள். "யாரு மேலன்னு நீங்க சொல்லி எனக்கு ஆறாது. அந்த ஆளு காலைல என்கிட்ட ஆரஞ்சுப் பழம் குடுத்தாரு. உரிச்சுத் தரச் சொன்னாரு. உரிச்சுக் குடுத்துட்டு வந்து ஏத்தினேன். இந்தக் கைதான்."

வெளியே சந்தில் யாரோ கம்பளத்தை அடித்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அன்னைக்கி நான் சொன்னேனா இல்லையா? டாக்டருங்க இங்கிலீஷ் எண்ணுல எழுதுவாங்கன்னு?"

"சொன்னீங்க."

"நீங்க சிரிச்சீங்க."

"ஆமா."

"நானும்தான் சிரிச்சேன்" என்றாள் கவ்ஸர். "விளையாட்டாத்தான் சொன்னேன். ஆனா நீங்க படிச்சவங்க. விளையாட்டுக்குள்ள என்ன இருக்குன்னு பாக்கறதுதான உங்க வேலை?"

கோர்ட்டுக்கு வந்து எல்லாவற்றையும் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு இனாஸ் எழுந்தாள். கவ்ஸர் தலையை ஆட்டினாள். வாசல் வரை வரவில்லை.

அடுத்த நாலு மாதம் இனாஸ் செய்தது, முன்பே செய்திருக்க வேண்டிய சோதனை. அனுமதிக்காகச் சுகாதாரத் துறை வாசலில் தினமும் போய் உட்கார்ந்து வாங்கினாள். அதற்கு மூன்று மாதம் ஆகவில்லை, ஐந்து வாரம்தான் ஆயிற்று. அந்த ஐந்து வாரக் கணக்கு அவளை மற்ற எல்லாவற்றையும்விட அதிகமாக அறுத்தது. முப்பது நர்சுகள். வேலை முடிந்து களைத்து நிற்கிற நேரம், வார்டின் இரைச்சலுக்கு நடுவே, டாக்டர்கள் கிறுக்கிய நிஜச் சீட்டுகள். அறுநூறு தடவை அமுக்கியதில் பதினொரு தடவை, பூஜ்ய வட்டத்துக்கு ஐந்தின் வட்டம். பதினொன்றில் ஒன்பதை, சரிபார்க்க வந்த இரண்டாவது நர்ஸும் சரி என்றாள்.

கோர்ட்டில் பம்பை மேசை மேல் வைத்தார்கள். நீதிபதி சீட்டைக் கையில் வாங்கி, கண்ணாடியைச் சரிசெய்து, தானே அமுக்கிப் பார்த்தார். கோடு. பிறகு விரலை ஒரு கணம் நிறுத்தி, புள்ளி. திரையில் பத்து.

"எனக்குச் சரியாத்தானே வருது அம்மணி?" என்றார். அரசு வக்கீல் சிரிப்பை அடக்கிக்கொண்டு காகிதத்தைப் புரட்டினார்.

"உங்க கையில ஒரே ஒரு சீட்டு இருக்கு ஐயா" என்றாள் இனாஸ். "உக்காந்திருக்கீங்க. இங்க யாரும் வலியில கத்தல. எது தப்பாப் போச்சுன்னு முன்னாடியே உங்களுக்குத் தெரியும். அந்தம்மா நின்னுக்கிட்டு, இருபத்தி நாலு கட்டில், ராத்திரி முழுக்க வேலை பாத்த கையோட அமுக்கினாங்க. என் பரிசோதனைக் கூடத்துல நானும் உங்கள மாதிரிதான் அவங்கள உக்கார வச்சேன். அதனாலதான் யாரும் தப்புப் பண்ணல. அந்தச் சோதனையப் பாத்துத்தான் இந்தப் பொட்டி வெளிய போச்சு. நிஜச் சீட்டு வேணும்னு எனக்குத் தெரிஞ்சிருந்துச்சு. அவசரத்துல விட்டுட்டேன்."

நீதிபதி நெடுநேரம் எழுதினார். கவ்ஸர் கூண்டுக்குள் தன் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தாழ்வாரத்தில் கறுப்பு உடுத்திய ஒரு பெண் இனாஸின் எதிரே வந்து நின்றாள். ஜாபிரின் மனைவி ஸனிய்யா. கையில் மடித்த கைக்குட்டை.

"அந்தப் பொட்டிய நீதான் செஞ்சியா?"

"அதுல இருக்கற திரைய நான்தான் செஞ்சேன்."

"அஞ்சு மாசமா அந்த நர்ஸ நான் சபிச்சுக்கிட்டிருக்கேன். தொழுதுட்டு எந்திரிச்சதும் சபிப்பேன்." ஸனிய்யா கைக்குட்டையை இன்னொரு மடிப்பு மடித்தாள். "இப்ப நான் யாரச் சபிக்கறது? சொல்லு."

"என்னை" என்றாள் இனாஸ்.

ஸனிய்யா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். சபிக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. "என்னால ஆவல. களைச்சுப் போச்சு" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

தீர்ப்பு முழுசாக இந்தப் பக்கமும் இல்லை, அந்தப் பக்கமும் இல்லை. கவ்ஸருக்கு ஒரு வருஷத் தண்டனை, ஆனால் நிறுத்திவைத்தது. சிறைக்குப் போக வேண்டியதில்லை. கருவியின் குறையும் காரணம் என்று நீதிபதி எழுதியிருந்தார். ஆனாலும் ஆஸ்பத்திரி அவளை வார்டுக்குத் திரும்ப விடவில்லை. கட்டில் விரிப்புகள் வைக்கிற கிடங்கில் போட்டார்கள். அங்கே எட்டு மாதம் விரிப்பு எண்ணிவிட்டு, முன்கூட்டியே ஓய்வு வாங்கிக்கொண்டு தமியெத்தா ஊரில் இருந்த மூத்த மகள் வீட்டுக்குப் போய்விட்டாள்.

இனாஸ் மாநாட்டுக்காரர்களுக்குப் பரிசைத் திருப்பி அனுப்பினாள். அவர்கள் தர்மசங்கடப்பட்டு ஒரு கடிதம் எழுதினார்கள். பழைய சோதனை எங்கே தவறியது என்று அவள் எழுதிய புதுக் கட்டுரையைப் பெரிய இதழ்கள் இரண்டு திருப்பிவிட்டன. சின்ன இதழ் ஒன்று போட்டது. பல்கலைக்கழகத்தில் அவளை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. கம்பெனிகள் வருவது நின்றது, அவ்வளவுதான். அவளுடைய பரிசோதனைக் கூடத்தில் இருந்த கருவிகளை வேறு துறைக்கு மாற்றினார்கள். அவளிடம் ஒரு மேசையும் முதலாம் ஆண்டுப் பாடமும் மிஞ்சின. மாணவர்கள் சிலர் அவளை மரியாதையாகப் பார்த்தார்கள், சிலர் பரிதாபமாகப் பார்த்தார்கள். இரண்டுமே அவளுக்குப் பாரமாக இருந்தன.

ஹில்மி ஸ்டிக்கர்தான் ஒட்டினார். அப்புறம் கோர்ட்டு உத்தரவுக்குப் பிறகு மெல்ல மெல்லப் பம்புகளைத் திருப்பி வாங்கினார். எழுத்தால் எண் காட்டுகிற புதுத் திரையை இனாஸ் வரைந்து கொடுத்தாள். அதில் எங்கேயும் தன் பெயர் வேண்டாம் என்றாள். சில ஊர் ஆஸ்பத்திரிகளில் பம்பு எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை, கணக்கில் இருந்தது, கட்டிலோரம் இல்லை. சனிக்கிழமைகளில் அவள் பஸ் பிடித்துப் போய் வார்டு வார்டாகத் தேடுவாள். கண்டுபிடித்தால் தொழிற்சாலைக்கு எண்ணைச் சொல்லி, வண்டி வரும் வரை அதன் மேல் துணியைப் போட்டு மூடிவிட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள்.

ஒவ்வொரு பெருநாளுக்கும் தமியெத்தாவுக்குப் போன் செய்வாள். மகள் எடுப்பாள். "அம்மா தூங்கறாங்க", "அம்மா வெளிய போயிருக்காங்க." மூன்று வருஷம் அப்படியே போயிற்று. இனாஸ் வாழ்த்துச் சொல்லிவிட்டு வைத்துவிடுவாள்.

நாலாம் வருஷம், நோன்புப் பெருநாள் முடிந்த மறுநாள் காலை, கவ்ஸரே எடுத்தாள்.

"யாரு?"

"நான்தான்க்கா. இனாஸ்."

அந்தப் பக்கம் குழந்தைகள் சத்தம், பாத்திரம் விழுகிற சத்தம். கவ்ஸர் மூச்சு விடுவது மட்டும் பக்கத்தில் கேட்டது.

"நல்லா இருக்கீங்களாக்கா?"

"இருக்கேன். கால் வீங்குது." கொஞ்சம் நிறுத்தி, "அந்தப் பொட்டியெல்லாம் மாத்தியாச்சா?"

"முக்கால்வாசிக்கு மேல மாத்தியாச்சு. இன்னும் அறுபத்தி மூணு பாக்கி."

"அறுபத்தி மூணா?"

"ஆமா. எங்க இருக்குன்னு தேடிக்கிட்டிருக்கோம்."

இனாஸ் எதற்கோ காத்திருந்தாள். திட்டுவதற்கா, பழைய சிரிப்புக்கா, அவளுக்கே தெரியவில்லை.

"அப்ப என்னோட பேசிக்கிட்டு ஏன் நேரத்த வீணாக்கறீங்க?" என்றாள் கவ்ஸர். குரலில் கோபம் இல்லை. அலுப்பு மட்டும் இருந்தது. "போய் அதத் தேடுங்க டாக்டரம்மா."

போனை வைத்துவிட்டாள்.

பெருநாள் விடுமுறை, மம்தூஹ் கடற்கரைக்குப் போகலாம் என்று சட்டை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்றான். இனாஸ் மேசையிலிருந்து, தேட வேண்டிய பம்புகளின் பட்டியலை எடுத்து மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அடுத்த பெயர் கஃபர் தவ்வாரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி. ரயில் ஒன்பதரைக்கு.

"நானும் வரட்டுமா?" என்றான் மம்தூஹ்.

"வா" என்றாள்.